உருக்குவதற்கு முன் அடிப்பக்கத்தைப் படியுங்கள்

கேள்வி: என் தாத்தா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய துரை, போகும்போது சில வெள்ளிச் சாமான்களைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். சாமி உருவங்கள் போட்ட மூன்று உருப்படி டீ செட், சிறகு முளைத்த குழந்தைகளும் பூமாலையுமாக ஒரு கூடை, ஒரு பால் குவளை, ஒரு ஜோடி மெழுகுவர்த்தித் தண்டு. கூடை முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சு அரண்மனை வேலை என்று பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். சேலம் செவ்வாய்பேட்டை வெள்ளிக் கடைகளில் காட்டினால் எல்லாமே எடைக்குத்தான் என்கிறார்கள். ஆவணியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். உருக்கிக் கொலுசும் குத்துவிளக்கும் செய்துவிடலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனசு வரவில்லை. டீ பானையின் கைப்பிடி வேறு ஆடுகிறது. படங்கள் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யட்டும்? – வாசகி, ஏற்காடு.

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக அண்ணனிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள். ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது. விற்ற சாமானைக்கூட அலைந்து திரிந்து திரும்ப வாங்கிவிடலாம். உருக்கும் மூசைக்குள் போனது திரும்பாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். செவ்வாய்பேட்டையில் பட்டறை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது, அப்பா வெளியூர் போயிருந்த ஒரு நாள், ஒருவர் பழைய பன்னீர்ச் செம்பு ஒன்றைக் கொண்டுவந்து எடைக்குப் போட்டார். கழுத்தைச் சுற்றி நகாசு வேலையில் தசாவதாரம். எடை போட்டேன், உரைகல்லில் உரசினேன், பணம் கொடுத்தேன், அன்று மாலையே உருக்கினேன். அந்த உருவங்கள் முதலில் முகம் இழந்தன, பிறகு மொத்தமாகச் சரிந்தன. மறுநாள் வந்த அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அடியில என்ன போட்டிருந்துச்சு?” நான் திருப்பிப் பார்க்கவே இல்லை. அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் சாமான்களின் மேல் வேலைப்பாட்டை விட்டுவிட்டு, அடிப்பக்கப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க உட்கார்ந்தேன்.

கூடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பமெல்லாம் அதில்தான். பெங்களூர்க்காரர் சொன்னதில் பாதி சரி. பாணி பிரெஞ்சுப் பாணிதான். சிப்பி, சுருள் கொடி, பூமாலை, கொழுகொழுவென்று சிறகு வைத்த குழந்தைகள் எல்லாம் பதினைந்தாம் லூயி மன்னர் காலத்து ரசனை. ஆனால் பாணியின் வயது வேறு, சாமானின் வயது வேறு. உங்கள் கூடையின் அடியில் நான்கு முத்திரைகள் தெரிகின்றன. இரண்டு, பழைய பாரிஸ் முத்திரை போலத் தோன்றும் லில்லிப்பூவும் ஓர் எழுத்தும். பெங்களூர்க்காரர் அவற்றைப் பார்த்துத்தான் மயங்கியிருப்பார். மூன்றாவதில் ஒரு பிறைநிலா, பக்கத்திலேயே ஒரு கிரீடம். நான்காவது 800 என்ற எண். பிறையும் கிரீடமும் சேர்ந்தது ஜெர்மனி நாடு முழுமைக்குமான வெள்ளி முத்திரை. 1884இல் சட்டமாகி 1888 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே உங்கள் கூடை 1888க்கு முன்னால் பிறந்திருக்க வழியே இல்லை. 800 என்றால் ஆயிரத்தில் எண்ணூறு பங்கு வெள்ளி. நம் சேலத்துப் பேச்சில் எண்பது டச்.

அப்படியானால் பழைய பாரிஸ் முத்திரை ஏன்? அதுதான் இந்தக் கதையின் சுவையான பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் பழைய காலத்தின் மேல் பெரிய மோகம் வந்தது. இங்கிலாந்தில் பியூஜின் என்ற கட்டடக் கலைஞர் இடைக்காலத் தேவாலயங்களின் கூர்வளைவுகளை மீட்டெடுத்தார். அந்தக் கூர்வளைவு கட்டடத்தோடு நிற்காமல் திருப்பலிக் கிண்ணத்திலும் மெழுகுவர்த்தித் தண்டிலும் ஏறியது. 1871இல் ஒரே நாடாகச் சேர்ந்த ஜெர்மனியில், வசதி வந்த குடும்பங்கள் தங்கள் சாப்பாட்டு மேசையில் முன்னோர் காலத்து வெள்ளியைப் பார்க்க ஆசைப்பட்டன. அந்த ஆசைக்கு வெள்ளி செய்து கொடுத்த ஊர்களில் முக்கியமானது பிராங்க்பர்ட் பக்கத்திலுள்ள ஹனாவ். 1597இல் மத நெருக்கடியால் அகதிகளாக வந்து குடியேறியவர்கள் எழுப்பிய புதுநகர் அங்கே உண்டு; பொற்கொல்லர் தொழில் அவர்களோடு வேர்விட்ட ஊர் அது. அங்கத்திய பட்டறைகள் கப்பல் வடிவ மேசை அலங்காரம், கவசம் பூண்ட வீரன், மூடியிட்ட பெரிய கோப்பை, உங்களுடையதைப் போன்ற கூடை என்று பழைய பாணியில் நிறையச் செய்தன. சாமான் பழைய சாயலில் இருந்தால் முத்திரையும் பழைய சாயலில் இருக்கட்டும் என்று கற்பனை முத்திரைகளையும் அடித்தன. உங்கள் கூடையின் லில்லிப்பூ அந்த வகை என்பதே என் கணிப்பு.

‘அப்படியானால் போலிதானே’ என்று அண்ணன் கேட்கலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சுவாமிமலையில் இன்றைக்கும் சோழர் பாணியில் நடராசர் வார்க்கிறார்கள். அந்தச் சிலையை யாரும் போலி என்பதில்லை. ஆயிரம் வருஷத்துச் சிலை என்று சொல்லி விற்றால்தான் போலி. உங்கள் கூடையும் அதுபோல, அதற்குரிய வயதைச் சொன்னால் நேர்மையான, அழகான சாமான். முந்நூறு வருஷம் என்று சொல்லி மட்டும் யாரிடமும் விலை பேசாதீர்கள்.

பால் குவளை கையடக்கமான சாமான். ஆனால் முத்திரை படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கீழ்ப்பாதியில் மட்டும் வரிவரியாக மடிப்பு விழுந்த இந்த உருவத்துக்கு ஆங்கிலேயர் ‘குயின் ஆன் பாணி’ என்று பெயர் சொல்வார்கள். ஆன் அரசி ஆண்டது 1702 முதல் 1714 வரை. குவளையின் முத்திரைகளோ நடக்கும் சிங்கம், நங்கூரம், ஓர் எழுத்து, செய்தவரின் முதலெழுத்துகள். சிங்கம் என்றால் இங்கிலாந்தின் ஸ்டெர்லிங், ஆயிரத்துக்கு 925. நங்கூரம் பர்மிங்காம் ஊரின் அடையாளம். பர்மிங்காமில் வெள்ளியைச் சோதித்து முத்திரை போடும் நிலையம் திறந்ததே 1773இல்! ஆன் அரசி இறந்து ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்து. இன்னொன்றும் கவனியுங்கள். 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலை முத்திரை சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் குவளையில் அது இல்லை. மடிப்புகள் எல்லாம் அளவெடுத்தாற்போல் ஒரே சீராக, எஃகு அச்சில் அழுத்தியவையாகத் தெரிகின்றன. ஆக, 1890க்குப் பிறகு, ஆன் அரசியின் காலத்தை நினைத்துச் செய்த குவளை இது. அந்த ஒற்றை எழுத்துதான் ஆண்டுக் குறி. உங்கள் படத்தில் அது கலங்கியிருக்கிறது. எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவத்தையும் சேர்த்துப் படித்தால் செய்த ஆண்டையே சொல்லிவிடலாம். சாய்வான வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

உங்கள் குவளையில் இல்லை என்றாலும், மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவைக்கிறேன். வெறுமையாக இருந்த பழைய சாமான்கள் மீது விக்டோரியா காலத்தில் பூவும் கொடியும் புதிதாகத் தட்டி ஏற்றுவது வழக்கமாக இருந்தது. பூவிதழ் ஒன்று முத்திரையின் குறுக்கே ஓடி அதைச் சிதைத்திருந்தால், முத்திரை முதலில், பூ பிறகு என்று புரிந்துகொள்ளலாம்.

மெழுகுவர்த்தித் தண்டுகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அடியில் இ.பி.என்.எஸ். என்ற நான்கு எழுத்துகள் தெளிவாகவே இருக்கின்றன. நிக்கல் கலவையின் மேல் மின்சாரத்தால் ஏற்றிய வெள்ளி முலாம். பர்மிங்காமின் எல்கிங்டன் நிறுவனம் 1840இல் காப்புரிமை பெற்ற முறை. உள்ளே இருப்பது ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் மட்டும், வெள்ளி கிடையாது. தேய்ந்த மூலைகளில் மஞ்சளாகத் தெரிவது அதுதான். கனமாக இருக்கிறதே என்று எழுதியிருந்தீர்கள். இவ்வகைத் தண்டுகளின் அடியில் பிசின், சுண்ணாம்புக் கலவை என்று ஏதாவது நிரப்பியிருப்பார்கள். உருக்கினால் வெள்ளி ஏதும் தேறாது, பட்டறை முழுக்கப் புகைதான் வரும். கல்யாணத்தன்று மண்டபத்து வரவேற்பு மேசையில் ஏற்றி வையுங்கள், அதற்கென்றே செய்தவை.

இனி டீ செட். உண்மையைச் சொன்னால் இதைப் பார்த்த பிறகு மற்ற மூன்றும் என் கண்ணில் தங்கவில்லை.

பானையின் அடியில் ‘ஓர்’ என்ற ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன, முன்னும் பின்னும் தேய்ந்திருக்கிறது. சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஓர் அண்ட் சன்ஸ் முத்திரையாக இருக்க நல்ல வாய்ப்பு. 1849இல் தொடங்கிய நிறுவனம். கடிகாரத்துக்கும் வெள்ளிக்கும் பேர் பெற்றது. சாமி உருவங்களைப் புடைப்பாகத் தட்டி எடுத்த இந்த வேலைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே ‘சுவாமி’ வெள்ளி. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், பிற்காலத்து ஏழாம் எட்வர்ட், சென்னைக்கு வந்தார். அந்த இந்தியப் பயணத்தில் அவருக்குப் பரிசாகப் போனவற்றில் இந்த வேலைப்பாடும் இருந்தது. அதன் பிறகு துரைமார் வீடுகளில் இதற்கு மவுசு ஏறியது. ஏற்காட்டில் 1820களிலேயே கலெக்டர் காக்பர்ன் காப்பியை நட்டுவிட்டார். தோட்ட பங்களாக்கள் எழும்பி, மாலைத் தேநீருக்கு விருந்தினர் கூடிய மலையில் இப்படி ஒரு செட் இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது துரையின் கதையை அல்ல. இந்தப் பானையைச் செய்த கை ஓர் ஆசாரியின் கை. உருவம் இங்கிலாந்துத் தேநீர்ப் பானை. அதன் வயிற்றைச் சுற்றி நிற்பது கோயில் தூண்களிலிருந்து இறங்கிவந்த மயில்வாகனன், காளியன் மேல் ஆடும் கண்ணன், நரசிம்மர். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன மண்டபம், தோரண வளைவு. ஐரோப்பியத் தட்டான்கள் தங்கள் பழைய காலத்தைத் தேடிக் கிண்ணத்தில் ஏற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், நம் ஆசாரி தன் பழைய காலத்தைத் தேநீர்ப் பானையில் ஏற்றியிருக்கிறார். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அவர் அதை எங்கும் தேடிப் போகவில்லை. தெருமுனைக் கோயிலில் அது உயிரோடு இருந்தது.

எப்படிச் செய்தார் என்று தெரிந்தால் உருக்கச் சொல்ல அண்ணனுக்கு நாக்கு எழாது. தகட்டைச் சுத்தியால் தட்டித் தட்டிப் பானையாக எழுப்ப வேண்டும். பிறகு உள்ளேயிருந்து உருவங்களைப் புடைக்க வைக்க வேண்டும். அவ்வளவு குறுகிய கழுத்துக்குள் சுத்தி நுழையாது. அதற்கு முனை வளைந்த நீண்ட இரும்புக் கம்பி ஒன்று. ஒரு நுனியைப் பிடியில் இறுக்கி, மறுநுனியைப் பானைக்குள் விட்டு, வெளியே கம்பியின் முதுகில் தட்டினால், அதிர்வில் உள்நுனி துள்ளி வெள்ளியை உட்புறமிருந்து முட்டும். எங்கே முட்டுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, கைதான் சொல்ல வேண்டும். அப்படித் தோராயமாகப் புடைத்த பிறகு, குங்கிலியமும் செங்கல் தூளும் எண்ணெயும் காய்ச்சிய அரக்கைப் பானைக்குள் ஊற்றி நிரப்பி ஆறவிட்டு, வெளியிலிருந்து சின்னச் சின்ன உளிகளால் கண், மூக்கு, மயில் தோகை, நரசிம்மரின் பிடரி என்று ஒவ்வொன்றாக இறக்குவார்கள். வேலை முடிந்ததும் சூடு காட்டி அரக்கை வெளியே வடிப்பார்கள். எங்கள் தெருவில் கொலுசுக்கு உயிர் கொடுக்கும் கைகள் ஏராளம் உண்டு. பானையின் உள்ளே நகாசு தட்டத் தெரிந்த கை இன்று வெகு அபூர்வம்.

பிரிட்டிஷ் இந்தியாவில் இங்கிலாந்தைப் போலக் கட்டாய முத்திரைச் சட்டம் இல்லை. நம் நாட்டில் வெள்ளிக்கு ஹால்மார்க் வந்ததே 2005இல். அதனால் டீ செட்டின் டச்சை முத்திரையை வைத்துச் சொல்ல முடியாது, சோதிக்கத்தான் வேண்டும். அங்கேதான் எச்சரிக்கை. அரம் போட்டுக் கீற விடாதீர்கள், விளிம்பில் திராவகம் வைக்க விடாதீர்கள். எக்ஸ்ரே கருவியுள்ள சோதனைக் கடையில், அடிவளையத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கீறலே விழாது. இந்தக் கருவி மேற்பரப்பைத்தான் படிக்கும் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் மெழுகுவர்த்தித் தண்டைக் காட்டினால் அதையும் நல்ல வெள்ளி என்று சொன்னாலும் சொல்லும்.

குவளைக்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. சமையலறை டிஜிட்டல் தராசில் முதலில் குவளையின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். குவளையை நூலில் கட்டி, முழுக்க அமிழும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் பிடியுங்கள். தராசு காட்டும் எண்ணால் எடையை வகுக்க வேண்டும். நீங்கள் எழுதிய 186 கிராமுக்குத் தராசு 18 காட்டினால் விடை பத்தரைக்குச் சற்றுக் குறைவு, ஸ்டெர்லிங்தான். 21, 22 காட்டினால் ஜெர்மன் சில்வர் என்று சந்தேகப்படுங்கள். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்குத் தப்பும். கைப்பிடி உள்ளீடற்ற பானைக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

அண்ணனுக்குக் காட்ட ஒரு கணக்கு. 310 கிராம் கூடையில் சுத்த வெள்ளி 248 கிராம். குவளையில் 172. உருக்குக் கழிவு போக மீதிக்குத்தான் பணம் வரும். அதே பணத்தில் கொலுசு எடுக்கும்போது செய்கூலியும் சேதாரமும் புதிதாகக் கொடுக்க வேண்டும். பழைய ஆசாரியின் கூலியை அழித்துவிட்டுப் புதுக்கூலி கொடுப்பது எனக்கு எந்த வகையிலும் கணக்காகத் தெரியவில்லை. கையில் பணம் தட்டுப்பட்டால் கூடையை, வேலைப்பாட்டுக்கு விலை கொடுக்கத் தெரிந்த ஒருவரிடம், அதன் சரியான வயதைச் சொல்லி விற்றுக்கொள்ளுங்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. குவளையை மணப்பெண்ணுக்கே கொடுக்கலாம், பிள்ளை பிறந்தால் பால் ஆற்ற உதவும். டீ செட்டை மட்டும் பிரிக்கவே பிரிக்காதீர்கள். அண்ணனுக்குப் பானை, உங்களுக்குச் சர்க்கரைக் கிண்ணம் என்று பாகம் போட்டால் மூன்றுமே மதிப்பிழக்கும். யாராவது ஒருவர் வீட்டில் சேர்ந்தே இருக்கட்டும்.

விற்பனை பற்றிப் பேசும்போது இரண்டு சட்டங்களையும் சொல்லிவிட வேண்டும். நூறு வருஷம் கடந்த கலைப்பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்பக்கூடாது. வெளிநாட்டில் நல்ல விலை வரும், பார்சலில் அனுப்பிவிடலாம் என்று யார் சொன்னாலும் தலையசைக்காதீர்கள். அடுத்தது, பானையின் கைப்பிடி உடலோடு சேருமிடத்தில் மேலும் கீழுமாக இரண்டு வெளிர்மஞ்சள் வளையங்கள் இருக்கின்றனவே, அவை சூடு கைக்கு ஏறாமல் தடுக்க வைத்தவை. எலும்பாக இருக்கலாம், யானைத் தந்தமாகவும் இருக்கலாம். எலும்பென்றால் உருப்பெருக்கியில் மிக நுண்ணிய கரும்புள்ளிகள் தெரியும். தந்தம் வழவழப்பாக, மெல்லிய வரிகளோடு இருக்கும். தந்தமாக இருந்தால் வனவிலங்குச் சட்டம் அதை விற்க இடம் கொடுக்காது. டீ செட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இது கூடுதல் காரணம்.

கல்யாண வீடு என்பதால் யாராவது பளபளப்பாக்கக் கிளம்புவார்கள். புளியும் வேண்டாம், திருநீறும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். திருநீறு நுண்ணிய மணல் மாதிரி, ஒவ்வொரு முறையும் நரசிம்மரின் மூக்கை ஓர் இழை தேய்க்கும். சோடா உப்பும் அலுமினியத் தாளும் போட்டு வெந்நீரில் அமுக்கும் வித்தையை இணையத்தில் பார்த்துச் செய்கிறார்கள். அது குழிகளில் தங்கிய கருமையையும் சேர்த்து எடுத்துவிடும். அந்தக் கருமைதான் உருவங்களுக்கு ஆழம் தருகிறது, அதை அழுக்கு என்று நினைக்காதீர்கள். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரைப் பஞ்சில் தொட்டு மெல்ல ஒற்றி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, உடனே ஈரம் போகத் துடைத்தால் போதும். உங்கள் மலையின் மூடுபனியில் வெள்ளி சீக்கிரம் கறுக்கும். கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். ரப்பர் வளையமும் கம்பளித் துணியும் அருகே வேண்டாம், அவற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும்.

கடைசியாகக் கைப்பிடி. பக்கத்து நகைக்கடையில் கொடுத்து ஈயப் பற்று வைத்துவிடாதீர்கள். பிறகு ஒருநாள் வெள்ளிப் பற்று வைக்கச் சூடு காட்டும்போது, மிச்சமிருக்கும் ஈயம் வெள்ளிக்குள் இறங்கி அந்த இடத்தையே அரித்துவிடும். ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்த வளையங்களைப் பிடித்திருக்கும் சின்ன ஆணி தேய்ந்திருப்பதுதான். ஆணியை மட்டும் மாற்றினால் நெருப்பே காட்ட வேண்டியிராது. அதுவரை பானையைக் கைப்பிடியால் தூக்காதீர்கள், இரண்டு கையாலும் அடியைப் பிடித்துத் தூக்குங்கள். ஆணியை மாற்றக் கீழே சேலத்துக்குக் கொண்டுவரும்போது பெட்டியில் போட்டு வண்டியின் பின்பக்கம் வைக்க வேண்டாம். வேட்டியில் சுற்றி, மூடியைத் தனியாகக் கட்டி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடியும் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள். அண்ணனையும் கூட அழைத்து வாருங்கள். உருப்பெருக்கியை அவர் கையில் கொடுத்து, மயிலின் தோகையை நான் காட்டுகிறேன்.